21 கிலோவுக்கு மேலே

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டு, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், எல்லாவற்றுக்கும் அடியில் பாலிதீன் கவருக்குள் ஒரு தாள் இருக்கிறது. 2005-ல் மூணாறு தேயிலைத் தோட்டங்களை நடத்துவதிலிருந்து டாடா டீ விலகிக்கொண்டது. அந்த ஏப்ரலில் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி பொறுப்பேற்றது. பெரும்பான்மைப் பங்குகளை ஊழியர்களே வாங்கினார்கள், டாடா ஒரு சிறுபான்மைப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டது. கொழுந்து பறிக்கிற அம்மாவும் அந்த வருடம்தான் பங்குதாரர் ஆனாள். லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பில், யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. 'ஷேர்' என்பார்கள். 'ஷேர் பேப்பர் பத்திரமா இருக்கா' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

போன மாதம் போடிமெட்டு வழியாக ஊருக்குப் போயிருந்தேன். நல்ல மழை. இடுப்பில் கட்டுகிற சாக்கை அடுப்புக்கு மேலே காயப்போட்டுவிட்டு அம்மா அந்தத் தாளை எடுத்து வந்தாள். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, அந்த யோசனை போலிருக்கிறது.

"ஏப்பா, நீ கணக்குதானே பாக்குற. இதுக்கு இப்ப என்ன மதிப்பு? நாங்க இத்தன வருசம் பறிச்சதுல இதுக்கு ஏதாச்சும் கூடியிருக்கா?"

கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பத்து வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். இந்த இரண்டு கேள்விக்கும் சட்டென்று பதில் வரவில்லை. இரண்டும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் வேறு வேறு. ஒரு பங்கு இன்று என்ன விலைக்குப் போகும் என்பது முதல் கேள்வி. அந்தப் பங்கைக் கையில் வைத்திருந்தவர்களுக்குக் கம்பெனி எதையாவது புதிதாக உண்டாக்கிக் கொடுத்ததா என்பது இரண்டாவது. சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளில் முதல் கேள்வியின் பதிலையே இரண்டாவதற்கும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அம்மாவின் கம்பெனி பட்டியலில் இல்லை. போனைத் திறந்து விலை பார்க்க வழியில்லை.

பட்டியலில் உள்ள கம்பெனிக்குக் கணக்கு எளிது. 100 ரூபாய்க்கு வாங்கிய பங்கு 130 ஆகிறது, நடுவில் 5 ரூபாய் டிவிடெண்ட் (கம்பெனி லாபத்திலிருந்து பிரித்துக் கொடுப்பது) வந்திருக்கிறது. ஆக மொத்த வருவாய் 35 சதவீதம். இதைத்தான் மொத்தப் பங்குதாரர் வருவாய் என்கிறார்கள். பெரிய கம்பெனிகளின் தலைமை அதிகாரிகளுக்குப் பல நாடுகளில் இதை வைத்துச் சம்பளம் கூட நிர்ணயிக்கிறார்கள். அதே காலத்தில் சந்தை முழுவதுமே 40 சதவீதம் ஏறியிருந்தால் இந்த 35-க்கு என்ன பெருமை? போதாக்குறைக்கு எந்த நாளில் எண்ணத் தொடங்குகிறோம் என்பதிலேயே பாதிக் கதை முடிந்துவிடும். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் விழுந்து 26,000-க்குக் கீழே முடிந்தது. அந்த நாளிலிருந்து எண்ணினால் ஊரில் எல்லா மேனேஜரும் மேதைதான். இரண்டு மாதம் முன்னால் தொடங்கிப் பாருங்கள், அதே ஆள் சாதாரணமாகிவிடுவார்.

விலையை விட்டுவிட்டு உள்ளே போய் அளக்க வேண்டும் என்றால் ஜீப்புக்குத்தான் வர வேண்டும்.

என் தாய்மாமா சூரியநெல்லியில் ஜீப் ஓட்டுகிறார். கொழுக்குமலை இருப்பது தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டும் என்றால் கேரளாவில் இருக்கும் சூரியநெல்லியிலிருந்துதான் ஏற வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குச் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, எலும்பெல்லாம் ஆடுகிற அந்தப் பாதையில் மாமா ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போய்த் திரும்புவார். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அம்மாவுக்குப் புரியவைக்க அவர் கணக்கையே எடுத்தேன்.

ஜீப்பின் விலை 6 லட்சம். கடன் 4 லட்சம், வட்டி 12 சதவீதம். கைக்காசு 2 லட்சம். டீசல், டயர், இன்சூரன்ஸ், வண்டித் தேய்மானம் எல்லாம் போக, மாமாவின் சொந்தக் கூலியையும் கழித்தால் (அதை அவர் முதலில் கழிக்கவே இல்லை, நான்தான் சண்டை போட்டுக் கழிக்க வைத்தேன்) வருடத்துக்கு 88,000 நிற்கிறது. கடன் வட்டி 48,000.

"நாப்பது ரூவா லாபம் மாப்ளே" என்றார். அவர் பேச்சில் நாற்பது என்றால் நாற்பதாயிரம்.

"உங்க ரெண்டு லட்சத்துக்கு வட்டி?"

"அது நம்ம பணம்ல. நமக்கு நாமளே வட்டி குடுக்கவா?"

இந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. மாமா மட்டுமல்ல, உலகத்தில் உள்ள எல்லா லாப நட்டக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. வங்கிக்குப் போகும் வட்டி செலவு. முதலாளி போட்ட பணத்துக்கு மட்டும் வாடகை கிடையாது, அது சும்மா வந்தது மாதிரி. ஆனால் அந்த 2 லட்சத்தைப் போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிற சொந்தக்காரர் ஒருவர் 15 சதவீதத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கொடுத்திருந்தால், குளிரில் நாலு மணிக்கு எழுந்திருக்காமலே 30,000 வந்திருக்கும். ஆகவே ஜீப் உண்மையில் புதிதாக உண்டாக்கியது 10,000-தான். இன்னொரு பக்கமாகவும் இதே விடைக்கு வரலாம். கடனும் கைக்காசும் சேர்ந்த மொத்த முதலுக்குச் சராசரி வாடகை 13 சதவீதம், 6 லட்சத்துக்கு 78,000. 88,000-லிருந்து அதைக் கழித்தாலும் அதே 10,000.

மாமா முகம் சுருங்கிவிட்டது. நான் விடவில்லை. இன்னொரு ஜீப் வாங்கலாமா என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதே விலை, அதே கடன். இரண்டாவது வண்டிக்குச் சவாரி குறைவாகத்தான் கிடைக்கும், வட்டிக்கு முன் 70,000 நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். வட்டி போக 22,000. மாமா கணக்கில் லாபம் 40,000-லிருந்து 62,000 ஆகிவிடும், ஊரில் ரெண்டு வண்டிக்காரர் என்ற பெயரும் கிடைக்கும். ஆனால் 70,000-லிருந்து 78,000 போனால் 8,000 பள்ளம். முதல் வண்டி உண்டாக்கிய 10,000-ல் இப்போது 2,000-தான் மிச்சம். லாபம் ஏறுகிறது, மதிப்பு கரைகிறது. வருடா வருடம் லாபம் கூடிக்கொண்டே போகிற எத்தனையோ கம்பெனிகளின் கதை இந்த இரண்டாவது ஜீப்தான். பத்திரிகையில் வருகிற 'லாபம் 55 சதவீத உயர்வு' என்ற தலைப்பை நான் நம்பாமல் போனதற்கும் இதுதான் காரணம்.

சதவீதத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். முதல் ஜீப் போட்ட முதலுக்கு 14.67 சதவீதம் தருகிறது. அதே 6 லட்சத்துக்கு 14 சதவீதம் தருகிற ஒரு பிக்கப் வண்டி வந்தால், சராசரி குறைந்துவிடும் என்று சதவீதக்காரர் வேண்டாம் என்பார். 13-க்கு மேலே இருக்கிறதே, வாங்கினால் 6,000 கூடும். வேண்டாம் என்பது நஷ்டம்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "அப்போ 21 கிலோ மாதிரின்னு சொல்லு" என்றாள்.

இந்தப் பக்கத்துத் தோட்டங்களைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நாள்கூலிக்கு இத்தனை கிலோ கொழுந்து எடுத்தாக வேண்டும் என்று ஒரு அளவு உண்டு. கேரளத் தோட்டங்களில் நெடுங்காலம் அது 21 கிலோ. அதற்கு மேல் எடுக்கிற ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு. 21 கிலோ எடுத்தவளை யாரும் கெட்டிக்காரி என்று சொல்வதில்லை. மேலே எத்தனை என்றுதான் கேட்பார்கள். நான் அரைமணி நேரம் ஜீப் ஓட்டியதை அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள். முதலுக்கான வாடகைதான் கம்பெனியின் 21 கிலோ.

இதற்கு மேனேஜ்மென்ட் உலகம் வைத்த பெயர் இவிஏ, பொருளாதாரக் கூட்டு மதிப்பு. ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் அந்தப் பெயரை வணிகமுத்திரையாகவே பதிவு செய்து, 1990-களில் உலகம் முழுக்க விற்றது. கோகோ கோலாவின் தலைவராக இருந்த ராபர்ட்டோ கோய்சுவேட்டா இந்தக் கணக்கின் பெரிய ரசிகர். குளிர்பானத்தைப் போல் இல்லாமல், வாடகையைத் தாண்டிச் சம்பாதிக்காத தொழில்களை அவர் காலத்தில் கழித்துக் கட்டினார்கள், கம்பெனியின் ஒயின் வியாபாரம் 1983-ல் சீகிராமுக்குப் போனது. நம் பக்கத்தில் இன்ஃபோசிஸ் தன் ஆண்டறிக்கையில் இவிஏ கணக்கை அச்சிட்டு வந்தது, ஹிந்துஸ்தான் யூனிலீவரும் அச்சிட்டது. கோத்ரெஜ் குழுமத்தில் ஊழியர்களின் ஊக்கத்தொகையையே இதோடு கட்டிவைத்தார்கள். பெயர்தான் புதுசு, சரக்கு பழசு. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே, முதலாளியின் லாபத்திலிருந்து அவர் போட்ட முதலுக்கு நடப்பு வட்டியைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் தொழில் நடத்தியதற்கான சம்பாத்தியம் என்று எழுதிவிட்டார். ஜெனரல் எலெக்ட்ரிக் 1950-களில் 'எஞ்சிய வருமானம்' என்ற பெயரில் தன் பிரிவுகளை இப்படி அளந்தது.

ஆனால் எனக்கு ஆச்சரியம் அமெரிக்காவிலிருந்து வரவில்லை. ஆபீசில் சேர்ந்த புதிதில், ஒரு ஆலையின் போனஸ் கணக்கைப் போடச் சொல்லி 1965-ம் ஆண்டு போனஸ் சட்டத்தை மேசையில் வைத்தார்கள். மூன்றாம் அட்டவணையைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். மொத்த லாபத்திலிருந்து தேய்மானத்தைக் கழி, வரியைக் கழி, அப்புறம் பங்குதாரர் செலுத்திய சாதாரணப் பங்கு மூலதனத்துக்கு 8.5 சதவீதம் கழி, கம்பெனியின் கையிருப்பு நிதிகளுக்கு 6 சதவீதம் கழி. மிஞ்சுவது 'கிடைக்கக்கூடிய உபரி'. அதில் 60 சதவீதம், சில வகைக் கம்பெனிகளில் 67 சதவீதம், தொழிலாளருக்குப் பங்கிடலாம். எஞ்சிய வருமானம்! ஆலோசகர்கள் கோடிக்கணக்கில் வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்த கணக்கு, இந்தியத் தொழிலாளர் சட்டத்தின் பின்பக்க அட்டவணையில் தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்கும் முன்னால் போகலாம். 1950-ல் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் வழக்கில் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு சூத்திரம் போட்டது. செலுத்திய மூலதனத்துக்கு 6 சதவீதம், தொழிலில் புழங்குகிற கையிருப்புக்கு அதைவிடக் குறைவாக ஒரு வட்டி, இவற்றை எடுத்துவைத்த பிறகு மிஞ்சுவதில்தான் போனஸ் பேச்சு என்றது. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் அறைகளில் இந்தக் கணக்கு பேசப்பட்ட அதே காலத்தில் பம்பாயில் யூனியன் வக்கீல்களும் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே பங்குதாரருக்கு எவ்வளவு உண்டாக்கினோம் என்று கேட்கப் போட்டார்கள், இங்கே தொழிலாளிக்கு எவ்வளவு மிச்சம் என்று கேட்கப் போட்டார்கள். கழித்தல் ஒன்றுதான்.

சட்டம் இன்னொன்றும் செய்தது. உபரியே இல்லாவிட்டாலும் 8.33 சதவீதம், அதாவது வருடத்தில் ஒரு மாதச் சம்பளம், கொடுத்தாக வேண்டும். எவ்வளவு உபரி வந்தாலும் 20-க்கு மேல் கிடையாது. கீழே ஒரு தரை, மேலே ஒரு கூரை. கூரைக்கு மேலே இருப்பது அந்த வருட போனஸில் சேராது.

2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்தது இந்த எண்களைச் சுற்றித்தான். தேயிலை விலை விழுந்து லாபம் குறைந்தது என்று அம்மாவின் கம்பெனி 10 சதவீத போனஸ் அறிவித்தது. ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், யூனியன் தலைவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று மலையாளத்தில் பெயர் வந்தது. 20 வேண்டும் என்றார்கள். ஒன்பது நாளுக்குப் பிறகு முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னால் முடிவானது: 8.33 போனஸ், 11.67 கருணைத்தொகை, ஆக 20. நான் அப்போது கோவையில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிவிப்பாளர் யாரும் சொல்லாத ஒரு விஷயம் எனக்கு மட்டும் உறுத்தியது. சாலையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஏராளமானோர் அந்தக் கம்பெனியின் பங்குதாரர்கள்.

ஏட்டுக் கணக்குப்படி, அந்த 11.67 பங்குதாரரின் மிச்சத்திலிருந்து போகிறது. அப்படியானால் பங்குதாரரே தன் மதிப்பைக் கரைக்கச் சொல்லிப் போராடினாரா? கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அவர்கள் கணக்கு என் கணக்கைவிடச் சரி. சம்பளமாகவோ போனஸாகவோ வருகிற ஒரு ரூபாய் அப்படியே அவள் கைக்கு வருகிறது. அதே ரூபாய் கம்பெனியின் லாபமாக நின்றால் முதலில் வரி கட்டும், பிறகு எவ்வளவு டிவிடெண்ட் என்று யாரோ முடிவு செய்வார்கள், மீதி கையிருப்புக்குப் போகும், கொடுக்கிறதும் எல்லாப் பங்குகளுக்குமாகப் பிரியும். கொஞ்சப் பங்கு வைத்திருக்கிற ஒரு கொழுந்துக்காரிக்கு அந்த ரூபாயில் கடைசியில் எத்தனை பைசா வந்து சேரும்? 'பங்குதாரர் மதிப்பு' என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, அதில் பங்குதாரர் என்பது யார் என்று கேட்காமல் அளவுகோலைக் கையில் எடுக்கக் கூடாது. இருபது வருடம் ஜெனரல் எலெக்ட்ரிக்கை நடத்தி, பங்கு விலையின் நாயகனாகக் கொண்டாடப்பட்ட ஜாக் வெல்ச்சே 2009-ல், பங்குதாரர் மதிப்பைத் தொழில் உத்தியாக வைத்துக்கொள்வது உலகத்திலேயே முட்டாள்தனமான யோசனை என்று பேட்டி கொடுத்தார். ஓய்வு பெற்ற பிறகுதான் என்பது வேறு விஷயம்.

அளவுகோலிலும் ஓட்டை இருக்கிறது. தோட்டத்தை வைத்தே சொல்கிறேன். மூணாற்றில் தேயிலை 1880-களிலேயே வந்துவிட்டது. மிக வயதான தேயிலைச் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட வேண்டும் என்றால், முதலில் கௌதமாலா புல் போட்டு ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணை ஆறப்போடுவார்கள். அப்புறம் நட்ட செடி ஒழுங்காகக் கொழுந்து தர இன்னும் மூன்று, நான்கு வருடம். ஐந்தாறு வருடம் முதல் மட்டும் ஏறிக்கொண்டே போகும், வாடகையும் ஏறும், வருமானம் பூஜ்யம். அந்த வருடங்களின் இவிஏ படுத்துவிடும். மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போகிற மேனேஜருக்கு இவிஏ பார்த்துப் போனஸ் கொடுங்கள், அவர் ஒரு செடியைக் கூடப் பிடுங்க மாட்டார். செடியோ நட்டால் ஐம்பது வருடம் நிற்கும். இதைச் சரிசெய்யத்தான் ஸ்டெர்ன் ஸ்டூவர்ட் ஆட்கள் கணக்கேட்டில் 160-க்கும் மேற்பட்ட திருத்தங்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தார்கள். ஆராய்ச்சிச் செலவைச் சொத்தாக மாற்று, விளம்பரத்தை நாலு வருடத்துக்குப் பிரி, இப்படி. 160 திருத்தம் செய்த பிறகு அது யார் கணக்கு என்றே தெரியாது. (2016-லிருந்து புதிய இந்தியக் கணக்கியல் தரங்களைப் பின்பற்றும் கம்பெனிகளில் தேயிலைச் செடியை இயந்திரம் மாதிரி தேய்மானம் போடுகிறோம் என்பது ஒரு சின்ன ஆறுதல். செடிக்குத் தேய்மானமா என்று அம்மா சிரித்தாள்.)

பெரிய ஓட்டை வாடகை விகிதம்தான். வங்கிக் கடனுக்கு வட்டி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பங்குதாரரின் பணத்துக்கு என்ன வட்டி என்று எங்கும் எழுதியில்லை, நாம்தான் ஊகிக்க வேண்டும். அரசுப் பத்திரம் தருவதை எடுத்து, அதற்கு மேல் ஆபத்துக்கு இவ்வளவு என்று சேர்ப்பது வழக்கம். அந்த 'இவ்வளவு' எவ்வளவு என்பதில் இரண்டு நிபுணர்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. மாமாவின் ஜீப்பையே பாருங்கள். கைக்காசுக்கு 15 சதவீதம் என்றால் 10,000 கூடுகிறது. 20 என்றால் ஒன்றுமில்லை. 24 என்றால் 8,000 பள்ளம். வண்டி அதேதான், பாதை அதேதான், மாமா எழுந்திருப்பதும் அதே நாலு மணிக்குத்தான். போனஸ் சட்டம் இந்தத் தகராறே வேண்டாம் என்று 8.5 என்று அடித்து எழுதிவிட்டது. ஆனால் வங்கி வைப்பே 10 சதவீதத்துக்கு மேல் கொடுத்த 1990-களிலும் அது அங்கேயேதான் நின்றது.

சரி, அம்மாவின் ஷேர். கம்பெனியின் ஆண்டறிக்கைகளை வரிசையாக எடுத்துவைத்து இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னேன். எந்த விகிதம் போடுவது என்பதை அவளிடமே கேட்டேன்.

"2005-ல இந்தக் காச இதுல போடலேன்னா வேற எதுல போட்டிருப்ப?"

சீட்டு என்பாள், தபால் ஆபீஸ் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"வேற எதுல போட? கம்மல் அடகுல கெடந்துச்சு. அதத் திருப்பியிருப்பேன்."

"என்ன வட்டி?"

"ரெண்டு வட்டி."

மாதத்துக்கு இரண்டு, வருடத்துக்கு 24. பாடப்புத்தகத்தின் எந்தச் சூத்திரத்திலும் இந்த எண் வராது. ஆனால் அவளுக்கு அதுதான் 21 கிலோ. நோட்டில் 24 என்று எழுதி வட்டம் போட்டேன். அந்தக் கோட்டைத் தாண்டுகிற கம்பெனியை நான் தணிக்கை செய்த கம்பெனிகளில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"கம்மல் முழுகிப்போச்சா?"

"முழுக விடுவேனா? அந்த ஓணத்து போனஸ்ல திருப்பிட்டேன். அஞ்சு மாச வட்டிதான் போச்சு" என்று காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, தாளைப் பாலிதீன் கவருக்குள் மடித்து வைத்தாள். காலையில் ஏழரைக்கு மஸ்டரில் பேர் கொடுத்து வேலைக்குப் போக வேண்டும், படுக்கப் போய்விட்டாள். நான் 24-ஐ அடித்துவிட்டு, ஐந்து மாதத்துக்கு மட்டும் 24, அதற்குப் பிறகு என்ன போடுவது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.